பெண் பார்க்கப் போன இடத்தில் இசை விமர்சனம்

அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு இருக்கும் தைரியம் முழுக்கத் தெரிந்தவனுக்கு ஒருநாளும் வராது. அறுபதுகளின் கடைசியில், ஓசூரில், அந்தத் தைரியம் அளவுக்கு மீறி இருந்த ஆள் நான்தான்.

அப்போது இங்கிலாந்தில் ஒரு பாட்டுக்குழு உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது. (பெயர் வேண்டாம். நான் அவர்களுக்குச் செய்ததற்கு இப்போதுகூட வழக்குப் போடலாம்.) பெங்களூரில் வேலை பார்த்த என் நண்பன் அந்தோணி, யார் யாரிடமோ கெஞ்சி அவர்களுடைய இசைத்தட்டுகளை இரவல் வாங்கி வருவான். கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் முனியப்பாவின் கடையில்தான் அவற்றைப் போட்டுக் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் எங்கள் ரசிகர் மன்றம் அங்கே கூடும். மன்றத்தில் மொத்தமே நாங்கள் இருவர். முனியப்பா கணக்கில் வரமாட்டார். "ஏமிரா இது, கோழியப் புடிச்சாப்ல கத்துறானுங்க" என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

முதல் ஆல்பத்தில் காதல், இரண்டாவதில் கோபம், மூன்றாவதில் ஞானம் என்று நான் வகுத்து வைத்திருந்தேன். ஞானம் உட்பட எல்லாமே தலைதெறிக்க ஓடின. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது.

"இதான்டா இவங்க பாட்டு எழுதற ரகசியம். இந்தக் காலத்து இளைஞனோட அவசரம். வார்த்தை புரியக்கூடாதுன்னே எழுதறாங்க."

"பாடறவன் குரல் பொடிப்பையன் மாதிரி இருக்குது. அட்டையில தாடி வெச்சிருக்கானே?" என்றான் அந்தோணி.

"ஒட்டுத் தாடி. வியாபாரத் தந்திரம்" என்றேன். அவனும் நம்பினான். (இப்படிப்பட்ட நண்பர்கள்தான் ஒருவனை நாசமாக்குகிறார்கள்.)

அந்தச் சமயத்தில் கிருஷ்ணகிரியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போனதில் அம்மா நொந்திருந்தாள். "இந்த எடத்துலயாச்சும் வாயத் தொறக்காம உக்காருடா சாமி" என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. அவளைப் பார்த்ததும், இந்த இடம் தட்டிப்போகக் கூடாது என்ற கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது.

அவளுடைய அப்பா பள்ளித் தலைமையாசிரியர். கூடத்தில் இசைத்தட்டுப் போடும் ரேடியோகிராம் பெட்டி, அதன்மேல் எங்கள் குழுவின் மூன்றாவது ஆல்பம்! "இதெல்லாம் யாருங்க கேக்கறது?" என்றேன்.

"எம்மவதாங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவசரம் பற்றிச் சொன்னேன், எழுத்து ரகசியம் பற்றிச் சொன்னேன், ஒட்டுத் தாடியையும் விடவில்லை. "ரெண்டாம் பக்கத்துல கடைசிப் பாட்டு இருக்குது பாருங்க, துள்ளல்னா அதான் துள்ளல். நம்ம கல்யாணத்துக்கே அதைப் போடலாம்" என்றவன், எழுந்து நின்று இடுப்பைக் கொஞ்சம் ஆட்டியும் காட்டினேன். (கொஞ்சம்தான் என்று நான் சொல்வேன். அம்மா வேறு மாதிரி சொல்வாள்.)

தலைமையாசிரியரின் முகம் இருண்டது. ஸ்டெல்லா போய் அந்தப் பாட்டைப் போட்டாள்.

பெட்டியிலிருந்து கனத்த ஆண்குரல் ஒன்று வந்தது. சந்தேகமே இல்லை, அந்தக் குரலுக்குத் தாடி உண்டு. செத்துப்போன தன் தாயைக் கூப்பிட்டு, மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாக அழுதது. பாட்டு முடியவே மாட்டேன் என்றது. நான் ஆடிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அவங்கம்மா தவறினதுலருந்து இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா" என்றார் தலைமையாசிரியர். "நீங்க கெளம்பலாம்."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்ததோ இதுதான்: "ஓசூர்ல இவரு வேகமாப் பாடறாருங்க."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எங்களை அனுப்பக் கதவைத் திறக்கப் போன தலைமையாசிரியர் திரும்பி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. மெதுவாக வந்து உட்கார்ந்து, "காபி ஆறிப்போச்சு, வேற போடச் சொல்றேன்" என்றார்.

ஊர் திரும்பியதும் முனியப்பாவின் சட்டையைப் பிடித்தேன். "வேப்பனப்பள்ளிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனா கரண்டு மங்கிப்போயி பாட்டு இழுக்குதப்பா. மோட்டார் தண்டுல பிளாஸ்திரி சுத்தி வெச்சேன், பிளேட்டு ஜோரா சுத்துது. அதுக்கென்ன இப்போ?" என்றார். ஓசூரின் நல்ல கரண்டில் அது எத்தனை வேகமாகச் சுற்றும் என்று யோசிக்க அவருக்கு அவசியமில்லை, எனக்கு மூளையில்லை.

எங்கள் கல்யாணத்துக்கும் அவருடைய மைக் செட்தான். பிளாஸ்திரியை உரித்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க, அம்மா இருந்திருந்தா இதுக்கு ஆடியிருப்பாங்க" என்றாள் ஸ்டெல்லா. பாட்டு ஓடிய ஓட்டத்தில் மாமனாரே கை தட்டினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒப்பாரி வைக்காமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. வேகத்தைக் கூட்டும் வேலையை இப்போது பேரன் செல்போனிலேயே செய்துவிடுகிறான். ஆடிக் களைத்த புதுச் சம்பந்திகள், "நல்ல துள்ளலான பாட்டுங்க, யாரு எழுதினது?" என்று கேட்டால், எல்லாரும் என்னைத்தான் கைகாட்டுகிறார்கள்.