பூச்சில்லா முசியே கட்டிய வீடு

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கொலை செய்ததில்லை. பூச்சில்லா முசியே வேகமாகச் சைக்கிள் மிதிப்பார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

பிரான்சுக்குப் போய் வீடு கட்டும் படிப்புப் படித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் ஊர் திரும்பியவர். பிரெஞ்சு பேசுகிற ஆளெல்லாம் எங்கள் தெருவுக்கு முசியேதான். சுவருக்குச் சிமெண்டு பூசுவது இந்த முசியேவுக்குப் பொய்ச்சாட்சி சொல்வது மாதிரி. மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கோ படித்தவர்கள் மேல் தீராத மயக்கம்; வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போன நான் உளறினாலே தலையாட்டுவார். பிரான்சு என்றதும் சாரம் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வீடு எழும்பியது. வெறும் செங்கல். மேலே பலகை அச்சுப் பதிந்த கான்கிரீட். தண்ணீர்க் குழாய்கூடச் சுவருக்கு வெளியே.

"வயித்தக் கிழிச்சிக் கொடல வெளிய தொங்கவுட்டா மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

கட்டி முடியாத வீட்டுக்குக் கண் படாமலிருக்கக் கட்டும் வைக்கோல் பொம்மையை, குடிவந்த பிறகும் அவள் எடுக்கவில்லை. முசியே வந்து அவிழ்ப்பார்.

"முடிஞ்ச வூட்டுக்கு எதுக்கும்மா பொம்மை?"

"பூசாத வூடு எப்டிங்க முடிஞ்ச வூடு?"

அவர் தெருமுனை திரும்பியதும் பொம்மை மறுபடி ஏறிவிடும்.

அந்த லட்சணத்தில்தான் காலாப்பட்டிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய அப்பா செங்கல்லைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.

"பாதியில நிக்குது போல. வூட்ட முடிச்சிட்டுச் சொல்லியனுப்புங்க, அப்புறம் பேசலாம்."

கேசரியைத் தொடாமலே எழுந்துவிட்டார். அக்கா சமையலறையில் போய் அழுதாள். அழுகிறவள் சாய்ந்துகொள்ளக்கூட அந்த வீட்டில் ஒரு வழவழப்பான சுவர் இல்லை.

மறுநாளே அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தார். முதல் கரண்டிக் கலவை ஏறுவதற்குள் முசியே எங்கிருந்தோ வந்து, கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"பூசுறதா இருந்தா எம்மேல பூசுங்க!"

கொத்தனார் பூசிவிட்டார். நெஞ்சிலிருந்து தொப்பை வரை, மட்டம் பார்த்து.

நான் கத்தினேன். "ஒங்க செங்கல்லால எங்கக்கா கல்யாணமே நின்னுபோச்சு, தெரியுமா?"

முசியே முகம் சுருங்கிப்போனது. "ஏம்ப்பா இத எங்கிட்ட யாரும் சொல்லல?"

கலவை காயாத சட்டையோடு காலாப்பட்டு பஸ் ஏறினார்.

அடுத்த நாள் மாப்பிள்ளையின் அப்பா மூச்சிரைக்க வந்து நின்றார். "பொண்ணக் கட்டிக்கிறோம். கல்யாணத்த இந்த வூட்டுலயே வெச்சிக்குங்க. அந்த ஆள மட்டும் எங்கூருக்கு அனுப்பாதீங்க. பொழுதுக்கும் பேசறாரு. போதாததுக்கு எங்கூட்டுப் பூச்சச் சொரண்டறாருய்யா, உள்ள என்னா செங்கல்லுன்னு பாக்க!"

கல்யாணம் நடந்தது. நான் முசியேவிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அக்கா அழுதது அவ்வளவு சுலபமாக மறக்குமா?

அவள் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லோரும் வாசலில் நின்றோம். முசியேவைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தோள் குலுங்கியது.

"என்னாங்க முசியே?"

"ஒண்ணுமில்ல தம்பி. மழைக்குச் செங்கல்லு ஈரம் வாங்கியிருக்கான்னு பாக்கறேன்."

வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நானும் அவர் பக்கத்தில் போய் நின்று, கொஞ்ச நேரம் ஈரம் பார்த்தேன்.