1920-க்கு 1080-இல் ஒரு தலைமைத்துவம்

இந்நாட்டுத் தமிழினத்தின் எதிர்காலம் 1920-க்கு 1080 புள்ளி என்ற திரையளவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு புள்ளி குறைந்தாலும் இனம் தாங்காது. இதை முதலில் கண்டறிந்த பெருமை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் இயங்கும் 'தமிழர் தொலைநோக்கு மன்ற'த்தையே சாரும்.

மன்றத்தின் வரவேற்பறையில், சக்கரம் வைத்த தாங்கியில், ஐம்பத்தைந்து அங்குலத் திரை ஒன்று நின்றது. அதில் செயலவையினர் பதினேழு பேரும் ஆளுக்கொரு தனிச் சட்டத்துக்குள் பகலெல்லாம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உச்சியில் தலைவர், 'டத்தோ' பட்டம் பெற்ற ரெங்கசாமி. அவருக்குக் கீழே, பணிவுக்கு வேண்டிய இடைவெளி விட்டு, துணைத்தலைவர் கார்த்திகேசு. இந்த வரிசையை முடிவுசெய்ய மூன்று கூட்டங்களும் ஒரு கைகலப்பும் தேவைப்பட்டன.

சனிக்கிழமைகளில் பின்னறையில், எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்கான கணித வகுப்பு. மாணவர்கள் பதினோரு பேர். தேர்வுக்கு மூன்றே வாரம். ஆசிரியர் சிரில் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவர். ஆகவே மன்றத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை. எழுத்தர் ரமணிதான் படங்களை ஓட்டும் மன்றத்துக் கம்ப்யூட்டரிலிருந்து திரையைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போய் அவருடைய மடிக்கணினியில் மாட்டிவிடுவாள். வகுப்பு முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து மாட்டுவாள்.

விபரீதம் அங்கேதான் பிறந்தது. திரையைப் பிடுங்கியதும் மன்றத்துக் கம்ப்யூட்டர் மனமுடைந்து தன் திரையளவைச் சுருக்கிக்கொள்ளும். மறுபடி மாட்டினால் பதினேழு சட்டங்களும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ரமணி ஒவ்வொன்றாக நகர்த்திச் சரிசெய்வாள். அந்தச் சனிக்கிழமை அவள் சரிசெய்யுமுன் டத்தோ வந்துவிட்டார். குவியலின் உச்சியில் கார்த்திகேசு. டத்தோவில் வெளியே தெரிந்தது ஒரு காது.

அவசரக் கூட்டம் கூடியது.

"யார் வேலை இது?" என்றார் டத்தோ.

"கம்ப்யூட்டர் வேலைங்க டத்தோ," என்றாள் ரமணி.

டத்தோ திரும்பினார். "கார்த்திகேசு, கம்ப்யூட்டருக்கும் உங்களுக்கும் எத்தன நாளா பழக்கம்?"

"சத்தியமா இல்ல டத்தோ. வீட்டுலகூட ஒன்னும் இல்ல லா."

"அப்புறம் எப்படி என் தலைமேல ஏறுனீங்க?"

"நானா ஏறல. ஏத்திட்டாங்க." இதைச் சொன்னபோது கார்த்திகேசுவின் முகத்தில் வேட்புமனுக் களை தெரிந்தது.

இனி எக்காரணம் கொண்டும் திரையைக் கழற்றலாகாது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"அப்ப பிள்ளைங்க?" என்றார் சிரில்.

"எஸ்.பி.எம். வருசா வருசம் வரும் மாஸ்டர். தலைமைத்துவம் வருமா?" என்றார் டத்தோ.

ரமணி மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி விற்ற குடும்பம். 'வேண்டாம்' என்று வாசல் தாண்டிய ஆளைத் திருப்பி அழைத்து, இரண்டு சேலையாகக் கட்டிக் கொடுக்கிற பரம்பரை. டத்தோ நாற்காலியை விட்டு எழும்வரை பொறுத்திருந்தாள்.

"இப்ப பகல்ல மட்டும்தான் உங்க படம் ஓடுது டத்தோ. இருபத்துநாலு மணி நேரமும் ஓடட்டுமா?"

டத்தோ மறுபடி உட்கார்ந்தார். அவள் கைப்பையிலிருந்து கட்டைவிரலளவு பொருள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டம்மி பிளக். இத சொருகிட்டா, திரையக் கழட்டினாலும் திரை இருக்குன்னே கம்ப்யூட்டர் நம்பிக்கும். அளவு மாறாது. நீங்க உச்சியிலயே இருப்பீங்க. யாரும் ஏற முடியாது."

"முழு அளவுலயா?"

"ஒரு புள்ளி குறையாது."

"கார்த்திகேசு?"

"கீழதான் டத்தோ."

டத்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"திரை இல்லாம யாரு பாப்பா?" என்று கார்த்திகேசு முனகினார்.

"பாக்கறதா முக்கியம்? இருக்கறதுதான் முக்கியம்!" என்று டத்தோ மேசையைத் தட்டினார். கரவொலி எழுந்தது. மறுநாளே 'பிளக் பொருத்து விழா'. குத்துவிளக்கேற்றி, ரிப்பன் வெட்டி, டத்தோ தம் பொற்கரங்களால் சொருகினார். இனி யாருக்கும் வேண்டாத பொருளாகிப்போன திரை, பின்னறைக்கே போய்ச் சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை, மகனை வகுப்புக்கு அழைத்து வந்த பவுனம்மாள், வெறும் சுவரைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா, தலைவருங்க படத்தக் காணோம்?"

"உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு ஆன்டி. முழு அளவுல, ராப்பகலா. வெளிய ஒன்னும் தெரியாது, அவ்வளவுதான்," என்றாள் ரமணி.

பவுனம்மாள் தலையாட்டினார்.

"இருபது வருசமா மன்றத்துக்குச் சந்தா கட்டறேன். எப்பவும் அப்படித்தானேம்மா ஓடுது?"