தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஊதிய கப்பல்

எங்கள் குடியிருப்பில் முதன்முதலாகக் கையும் களவுமாகப் பிடிபட்ட குற்றவாளி நான்தான். பிடிக்கத் திட்டம் போட்டவனும் நான்தான்.

தூத்துக்குடியில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடம். சங்கச் செயலாளர் நான். மூன்றாம் மாடி ஜெசிந்தாவின் ஆறு வயது மகள் மெர்லினுக்கு இளைப்பு. கொஞ்சம் புகை பட்டால் போதும், பிள்ளைக்கு நெஞ்சு விசிலடிக்கும். அதனால், 'இங்கே யாரும் புகைபிடிக்கக் கூடாது' என்று நானே சிவப்பு மையில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். (மூன்று ஆச்சரியக்குறி வேறு!)

நான் சிகரெட்டை விட்டு ஒரு வருடமாகிறது என்று என் மனைவி செல்வராணி நம்பிக்கொண்டிருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. பிள்ளையை நினைக்காமல் இல்லை. தோணிக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கா காற்றுப் பார்க்கத் தெரியாது? விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பார்ப்பேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால்தான் பற்றவைப்பேன். புகை நேரே கடலுக்குப் போய்விடும் என்று கணக்கு.

ஆனாலும் மெர்லினுக்கு இளைப்பு கூடியது. குளியலறையில் சிகரெட் நாற்றம் வருகிறது என்றாள் ஜெசிந்தா. எனக்கு வந்ததே கோபம்! கூட்டம் போட்டு, இரண்டாம் மாடியில் இருக்கும் கருப்பட்டிக் கடை அண்ணாச்சியைப் பார்த்தபடியே முழங்கினேன்.

"ஏலே, என்னைய எதுக்குப் பாக்க? நான் வெத்தல போடுதவம்லா!" என்றார் அவர்.

ஜெசிந்தாவிடம், "நாத்தம் வந்த ஒடனே எனக்குப் போன் போடும்மா, ஆளப் பிடிச்சிருவோம்," என்றேன்.

மறுநாள் அருமையான கச்சான். இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன், போன் அலறியது. என் போன் மணி, துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம். (கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் என்று பெருமை.) சிகரெட்டை ஒளிக்க இடம் தேடிவிட்டு நிதானமாக எடுத்தேன்.

"அண்ணே, நாத்தம் வருதுன்னு சொல்லத்தான் போட்டேன். ஆனா ஒங்க கப்பலு எங்க பாத்ரூமுக்குள்ள ஊதுதே!"

திரும்பிப் பார்த்தேன். தொட்டியில் மோதிச் சுருண்ட கச்சான், எல்லாக் குளியலறைகளுக்கும் பொதுவான காற்றுக் குழாயின் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் புகையையும் கூட்டிக்கொண்டு.

கீழே இறங்கினால் படிக்கட்டு நிறைய ஆட்கள். மெர்லின் இருமிக்கொண்டே கேட்டாள்: "மாமா, நோட்டீஸ் எழுதுனது நீங்கதான?"

செல்வராணி ஒரு வாரம் பேசாததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கு விட்டதுதான்.

இப்போது மெர்லின் என்னைவிட வேகமாக மாடி ஏறுகிறாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் மட்டும் செல்வராணி வீட்டிலிருந்து தவறாமல் போன் அடிப்பாள். கப்பல் ஊதும். உடனே மூன்றாம் மாடிக் குளியலறையிலிருந்து குழாய் வழியாக மெர்லின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்கும்:

"கப்பல் மட்டுந்தான் அத்தை, பொக இல்ல!"