போகிறவனுக்கு மாலை

முதலாளிகளில் பல ரகம் உண்டு. கத்துகிற முதலாளி, கத்தாமலே காரியத்தைக் கெடுக்கிற முதலாளி, பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தாலும் மேஜை சாவி எந்தப் பையில் என்பதை மறக்காத முதலாளி. இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அனுபவித்தும் இருப்பீர்கள். இங்கே பார்க்கப்போவது வேறொரு ரகம். பெயர், வழியனுப்பும் முதலாளி. ஆள் வேலையில் இருக்கிறவரை அவனுக்குச் சம்பளம் கூட்ட இவருக்குக் கை வராது. அதே ஆள் "போறேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சால்வை என்ன, ரோஜா மாலை என்ன, கறிச்சோறு என்ன, போளூரிலிருந்து போட்டோக்காரர் என்ன! அடடா, இப்படி அனுப்புவார்களென்றால் தினமும் ஒரு வேலையை விடலாமே என்று பார்க்கிறவர்களுக்கே தோன்றிவிடும்.

எண்பதுகளில் மலைமேல் புதூர்நாட்டில் புளி மண்டி நடத்திய அர்ச்சுனன் இந்த ரகத்துக்கு அசல் மாதிரி. அவர் எங்கேயோ பார்த்து ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கீழே போளூரில்தான் அதை வைப்பதாக ஏற்பாடு. இதற்குக் குளிர் வேண்டும், ஏசி போட வேண்டும் என்று விற்றவர் சொன்னதும் அர்ச்சுனனின் முகம் மாறியது.

"குளுருதான வேணும்? எங்க மலையில அது சும்மாவே கெடக்குதே!"

அவ்வளவுதான். பஞ்சு மெத்தையில் சுற்றி, ஜீப்பில் நாலு பேர் மடியில் கிடத்தி, நிறைமாதப் பெண்ணைக் கொண்டுபோகிற பதமாகக் கம்ப்யூட்டரை மலைக்கு ஏற்றிவிட்டார். திரைக்குக் குங்குமம் வைத்து, பிரிண்டரின் காலடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கரண்டு போனால் ஓட்ட ஒரு டீசல் என்ஜினையும் பின்பக்கம் நிறுத்தினார். ஏசி செலவை மிச்சம் பிடித்த பெருமையை அந்த என்ஜின் குடித்த டீசல்கூடக் குறைக்கவில்லை.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவன் சின்னதம்பி. மலை விவசாயியின் மகன். வேலூரில் கம்ப்யூட்டர் படித்தவன். புளி மூட்டையின் எடையைத் தட்டினால், கொண்டுவந்தவர் பெயர், எடை, விலை எல்லாம் அச்சடித்த சீட்டாக வெளியே வரும். தன் பெயர் அச்சில் வருவதைப் பார்த்த மலைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே மற்ற வியாபாரிகளிடம் போய்க்கொண்டிருந்த புளியெல்லாம் அர்ச்சுனன் மண்டிக்கே வந்தது. சீட்டு இருக்கிறவரை சரக்கு வரும். சரக்கு வருகிறவரை அர்ச்சுனன் முதலாளி. இது அவருக்கும் தெரியும். அந்தத் தெம்பில் பழைய கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்த சின்னதம்பி, ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மொதலாளி, சம்பளம் கொஞ்சம் பார்த்துப் போட்டீங்கன்னா..."

"சாப்டியா?"

"சாப்டேங்க. சம்பளம்..."

"இன்னாடா சம்பளம்? நீ இன்னா கூலிக்கா வர்ற? எங்க வூட்டுப் புள்ளடா நீ! வூட்டுப் புள்ளைக்கு எவனாச்சும் சம்பளம் ஏத்துவானா?"

சொல்லிவிட்டு ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக் கையில் கொடுத்தார். பெரிய பழம்தான். ஆனால் தங்கை கல்யாணத்துக்குப் பலாச்சுளையை வைத்துத் தாலி வாங்க முடியுமா?

அந்தச் சமயம் பார்த்து வாணியம்பாடியிலிருந்து ஹனீஃபா வந்தார். தோல் வியாபாரி, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இயக்க ஆள் இல்லாமல் உறை போட்டு மூடி வைத்திருந்தவர். அவரிடம் அர்ச்சுனன், "எங்க பையன் இருக்கானே, இந்த ஜில்லாவுலயே அவனாட்டம் எவனும் இல்ல பாய்" என்று அரைமணி நேரம் அளந்தார். ஹனீஃபா காது கொடுத்துக் கேட்டார். அடுத்த மாதம் சின்னதம்பி இரண்டு மடங்கு சம்பளத்துக்கு வாணியம்பாடி போனான்.

அர்ச்சுனன் கோபித்துக்கொண்டாரா? அவர் ரகமே அது இல்லையே. மண்டி வாசலில் பந்தல் போட்டார். அவன் கேட்ட உயர்வை இரண்டு வருஷம் கொடுத்திருக்கலாம், அவ்வளவு செலவு. கீழேயுள்ள வியாபாரிகள் அத்தனை பேருக்கும் அழைப்பு. ஹனீஃபாவுக்கு முதல் வரிசை! ஆளைக் கொண்டுபோகிறவரையே அழைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "கூப்புடலன்னா நம்மள சின்னத்தனமா நெனைக்க மாட்டாங்களா?" என்றார். மைக்கைப் பிடித்துச் சின்னதம்பியின் மூளையைப் புகழ்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் புதிய ஆளையும் மேடையில் ஏற்றினார்.

"சின்னதம்பி போறானேன்னு யாரும் கவலப்படாதீங்க. இதோ கலீலுல்லா! அவனவிடக் கெட்டிக்காரன்!"

முதல் வரிசையில் ஹனீஃபா கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

கலீலுல்லா எட்டு மாதம் இருந்தான். அவனுக்கும் "சாப்டியா?" உண்டு, பலாப்பழம் உண்டு. பிறகு அவனும் வாணியம்பாடிக்கே கிளம்ப, அவனுக்கும் பந்தல் உண்டு. போன தடவையைவிடப் பெரிய பந்தல், கூடவே நாதஸ்வரம். ஹனீஃபா அதே முதல் வரிசை. இந்தத் தடவை அர்ச்சுனனின் குரலில் ஒரு மிதப்பு.

"இனிமே ஆளு போற பேச்சே கெடையாது. எம் பொண்ணு அம்சவல்லி! நான் பெத்த பொண்ணு! கலீலுல்லா கிட்டயே கத்துக்கிட்டு அவனையே தூக்கிச் சாப்புட்டுடுச்சி!"

பொய்யில்லை. அம்சவல்லி போளூரில் டைப் படித்தவள். கலீலுல்லா பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராமையும் பழகிக்கொண்டாள். சாமைக்கும் தேனுக்கும் தனித்தனிச் சீட்டு வருகிற மாதிரி அதைத் திருத்தி எழுதியதும் அவள்தான். சம்பளமா? சொந்த மகளுக்கா? புதுப்புடவைக்குக் கேட்டபோது, தீபாவளி வரட்டும் என்றார். சம்பளமில்லாமல் இப்படி ஒரு ஆள் கிடைத்ததை நினைத்து அர்ச்சுனன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

புளி அறுவடை தொடங்குகிற நேரத்தில், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அர்ச்சுனனிடம் அம்சவல்லி சொன்னாள்:

"நைனா, நான் வாணியம்பாடி போறேன். ஹனீஃபா பாய் கம்பெனியில வேல. பொண்ணுங்க ஹாஸ்டல்ல எடம் பார்த்தாச்சி."

"இன்னாம்மா சொல்ற? நீ எங்க வூட்டுப் பொண்ணும்மா!"

"சின்னதம்பியக்கூட வூட்டுப் புள்ளைன்னுதான சொன்னீங்க. கலீலுல்லாவயும் சொன்னீங்க. எல்லாரையும் எப்படி வச்சிருந்தீங்களோ அப்படித்தான என்னையும் வச்சிருந்தீங்க?"

சோற்றுக் கை என்பதையும் மறந்து அர்ச்சுனன் கண்ணைத் துடைத்தார். மற்றவர்கள் போனபோது வந்தது மேடைக் கண்ணீர், இது வேறு. மண்டி போய்விடும் என்ற பயம் முதலில் வந்தது, மகள் போய்விடுவாள் என்ற பயம் அடுத்து வந்தது. அந்த வரிசைக்கு அவரை மன்னித்துவிடுங்கள், பழக்கதோஷம்.

"நீ இன்னா கேக்குற சொல்லும்மா. குடுத்துடறேன்."

"கேட்டப்ப குடுத்திருக்கலாம் நைனா."

வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவர் வாய் தனக்குத் தெரிந்ததையே செய்தது. "அப்போ... பந்தல் வெள்ளிக்கிழம வச்சிக்கலாமா?"

"வேணாம் நைனா. மால மட்டும் போட்டுடாதீங்க."

இதுதான் அவரைச் சாய்த்தது. சம்பளத்தில் விட்டதையெல்லாம் ஒரே நாளில் மாலையாகப் போட்டு நல்ல மனுஷன் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு, இந்த முறை அந்த வழியும் அடைபட்டது. அம்சவல்லி மறுநாள் காலை ஜீப்பில் மலையிறங்கிப் போனாள். கம்ப்யூட்டர் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. மூட்டைகளோடு வந்த மலைக்காரர்கள் சீட்டுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போளூர் ஜீப்பில் ஏறினார்கள்.

நமக்கு மண்டியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, நாம் எங்கே முதலாளி என்று நீங்கள் நழுவப் பார்ப்பது தெரிகிறது. இருங்கள். இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் கையில் காபி கொண்டுவந்து வைத்தது யார்? அவரைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகப் பேசுவீர்களாம், நேரில் மட்டும் ஒன்றும் சொன்னதில்லையாம். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் அவரை அழைத்துப்போக வந்திருக்கிறார், உள்ளே பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கிறது. பூக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் உள்ளே போய் அவரிடம் நேரில் சொல்லுங்கள்.