பிணத்தைக் காட்டாத வரை

வக்கீல்களில் சிவில், கிரிமினல் என்று இரண்டே வகைதான் என்று நினைத்திருந்தால், வாசகரே, மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு: வில்லன் வக்கீல். கறுப்பு அங்கி கிடையாது. ஃபீஸ் கிடையாது. கட்சிக்காரர் வேற்றுக்கிரகவாசி.

நம் கணேஷ்ராமையே பாருங்கள். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலக எழுத்தர். எதிரே இருக்கும் டீக்கடைக்குக்கூட வெயிலுக்குப் பயந்து குடை பிடித்துப் போகிறவர், விண்வெளிப் பட வில்லன் வக்ரோன் மட்டும் சூரியனுக்குள் விழுந்தும் பிழைத்திருக்கிறான் என்று, வடை ஆறி, டீயில் ஆடை படிந்து, மேலதிகாரி ஆள்விட்டுத் தேடும் வரை வாதாடுவார். முதல் பாகத்தில் ஒரு கிரகமே வெடித்தபோது லேசாக இருமிக்கொண்டு எழுந்து வந்தவனில்லையா? எதிர்த்தரப்பு, மேலப்பாளையத்து நண்பர் ஜீஷான்.

"ஏலே, சூரியன்லே அது! இரும்பே ஆவியாப் போவும். அவன் எப்படிப் பொழைப்பான்?"

"பொணத்தக் காட்டுனானா?"

"சாம்பலாப் போனவனுக்கு ஏதுலே பொணம்?"

"காட்டலல்லா? அப்பம் சாவல."

இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

சிரிக்காதீர்கள். கணேஷ்ராமுக்கு முப்பத்து நான்கு வயது. வீட்டார் ஜாதகம் பார்த்து அலுத்துப்போன நேரத்தில் நாங்குநேரியில் ஓர் இடம் கூடி வந்தது. பெண் பிரம்மநாயகியின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து மனிதர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். பெண் பார்க்க வீட்டார் முன்னால் போய்விட, இவர் அரைநாள் லீவில் ஜீஷானோடு பஸ் ஏறினார். நாங்குநேரிக்குப் போகிற எவரும் படியில் கால் வைக்குமுன் "ஊருக்குள்ள போவுமா?" என்று கேட்பார்கள். பைபாஸ் பஸ் ஊரைத் திரும்பியும் பார்க்காதே! அன்று கேட்க வாய் ஒழியவில்லை. வக்ரோனின் தோல் என்ன உலோகம் என்பதில் மும்முரம். நெடுஞ்சாலையில் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, வெயிலில் நடந்து, வியர்வையில் குளித்துப் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் நெருங்கிவிட்டது.

பெண்ணின் அப்பா ஐயம்பெருமாள் நல்ல மனிதர். "இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கிடட்டும்" என்று மாடிக்கு அனுப்பினார்.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்று சிரித்தாள் பிரம்மநாயகி. இவர் உண்மையைச் சொன்னார். உடனே அவள், "அந்தப் படம் நானும் பாத்தேன். சூரியன்ல விழுந்தா செத்துத்தான போவான்?"

'ஆமாம்' என்று தலையாட்டினால் போதும், கல்யாணம். அது அவருக்கும் தெரியும். வாய்தான் கேட்கவில்லை.

"பொணத்தக் காட்டுனானா?" என்று தொடங்கியது. அவளும் விடவில்லை, இவர் குரல் ஏறியது. "பொணம் எங்க? பொணத்தக் காட்டச் சொல்லுங்க!" சுபகாரியத்துக்குக் கூடிய வீட்டில், வெற்றிலைத் தட்டின் முன், மாடிப்படி வழியாகப் பிணம் பிணமாக இறங்கி வந்தது. ஐயம்பெருமாள் எழுந்து கைகூப்பினார்.

"பொறவு சொல்லி அனுப்புதோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் கணேஷ்ராமின் கண் கலங்கியிருந்தது. "எனக்கு அந்தப் பிள்ளைய ரொம்பப் பிடிச்சிருந்துதுலே."

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிலே சொல்லுவேன்? அவன்தான் சாவலியே!"

பாவம், பைத்தியக்கார மனுஷன் என்கிறீர்கள். நீங்கள் அப்படியில்லை, ரொம்பச் சந்தோஷம். ஆனால் சூரியனுக்குள் விழுந்தான் என்று படித்ததுமே, விழும்போது கவசம் போட்டிருந்தானா என்று உங்களுக்குள் யாரோ கேட்டார்களே, அது யார்?