நெருடிப் பார்ப்பவர்

எங்கள் திருப்பூரில் நெருடிப் பார்ப்பவர் என்றோர் இனம் உண்டு. கல்யாண வீடோ, கருமாதி வீடோ, பஸ்ஸில் பக்கத்து சீட்டோ, உங்கள் பனியனின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, சாமி கும்பிடுகிறவர் மாதிரி கண்ணை மூடி, இரண்டு தரம் நெருடிவிட்டு, “நூத்தி அறுபது ஜி.எஸ்.எம்.முங்க” என்பார். துணியின் கனத்தைச் சொல்லும் கணக்கு அது. நீங்கள் கேட்டீர்களா? இல்லை. சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த இனத்தின் தலைவன் ரத்தினசாமியாகிய நான்தான். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் மேஜை எனக்கு. 2007இல் துணியைத் தேய்க்கும் காலண்டர் மிஷின் என் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்ன செய்தேன்? இடது கையால் போர்வையை நெருடினேன்.

அப்புறம் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து பேட்டரிக் கை வந்தது. முன்கைச் சதையை முறுக்கினால் விரல் மூடும், திறக்கும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. துணியைப் பிடித்தால் ஒன்று கிழியும், அல்லது நழுவும். அந்த மரத்த விரலாலும் ஊரார் சட்டையையெல்லாம் நெருடி எண் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். கை போனவனிடம் யார் வாதாடுவார்கள்? முதலாளியம்மா கமலாம்பாள் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: கை சரிப்பட்டால் மேஜை, இல்லாவிட்டால் கேட்டில் வாட்ச்மேன்.

கையைச் செய்த குழுவில் நாகஜோதி என்று மதுரைப் பக்கத்துப் பெண். கட்டைவிரல் நுனியில் சென்சாரும், என் புஜத்தில் செல்போன் போல அதிரும் குட்டி மோட்டாரும் வைத்தாள். மெல்லப் பிடித்தால் மெல்ல அதிரும், இறுக்கினால் பலமாக அதிரும். முதல் தடவை அது அதிர்ந்தபோது, மறைப்பானேன், அழுதுவிட்டேன்.

சோதனை நாளன்று முதலாளியம்மா முன்னால் என் கண்ணைக் கட்டினார்கள்.

“அண்ணே, விரலுக்கு நடுவுல ஒண்ணு வைக்கேன். மெதுவாப் பிடிங்க” என்றாள் நாகஜோதி.

பிடித்தேன். புஜம் மெல்ல அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கி, அதிர்வு ஏறியதும் நிறுத்தினேன். ஒரே கைதட்டல். அதற்குமேல் சும்மா இருக்க முடியுமா?

“நூத்தி எம்பது ஜி.எஸ்.எம்.முங்க. நல்ல காட்டனுங்க. சாயந்தானுங்க கொஞ்சம் மட்டம்.”

கைதட்டல் நின்றது. கண்கட்டை அவிழ்த்தார்கள். என் விரல்களுக்கு நடுவே, துளியும் நசுங்காமல், ஒரு காலி டீக் கப். பேப்பர் கப்.

முதலாளியம்மா என்னையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “கை பாஸுங்க, ரத்தினசாமி. நீங்கதான் பெயிலு.”

மேஜை கிடைத்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு. “துணியப் புடிச்சு விரிச்சுக் குடுங்க, போதும். ஜி.எஸ்.எம்.மைத் தராசு சொல்லிக்கும். நீங்க வாயத் தொறக்கப்படாதுங்க.” ஷிப்டு முழுக்கப் புஜம் அதிர்கிறது, நாக்கு நுனிவரை எண் வருகிறது, விழுங்குகிறேன்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இவ்வளவு நேரமும் இந்தப் பக்கத்தின் ஓரத்தை உங்கள் விரல்கள் நெருடிக்கொண்டிருந்தனவே, காகிதம் என்ன கனம் என்று மனதில் ஓர் எண்ணும் வந்துவிட்டதே, அதை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.