பக்கத்துக்கு நூறு ரூபாய் வக்கீல்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கலைச்செல்வன் அவர்களுக்கு, வடக்குத்திலிருந்து மாமா சிங்காரவேல் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை மணிமொழி நலம். நானும் செவ்வாய்க்கிழமை வரை நலமாகத்தான் இருந்தேன். அங்கே மகள் மலர்கொடியும் பேத்தி தமிழ்நிலாவும் நலம்தானே? நேராக விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் உங்கள் தெருவிலேயே எங்களுக்குப் பார்த்து வைத்த வாடகை வீட்டை விட்டுவிடுங்கள். இந்த வீடு விலை போகவில்லை, நாங்களும் வரப்போவதில்லை. பேத்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் நிலக்கரிக் கம்பெனியின் எட்டாம் வட்டம் குவார்ட்டர்ஸில் இருக்கிற தனகோட்டி, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறவர், நம் வீட்டுக்கு விலை பேசி முடித்துவிட்டு, "பத்திரத்த ஒரு வக்கீலுகிட்ட காட்டி, வில்லங்கம் இல்லன்னு எழுதி வாங்கிக் குடுங்க, போதும்" என்றார். தெரிந்த வக்கீல் யாரிடமாவது போகலாமே என்றாள் உங்கள் அத்தை. கான்ட்ராக்ட் செக்‌ஷனில் முப்பது வருஷம் டெண்டர் திறந்தவன் நான், டெண்டர் இல்லாமல் ஒரு வக்கீலை எடுத்தால் நாளைக்கு ஆடிட்டில் கேட்க மாட்டார்களா என்றேன். "எந்த ஆடிட்டு?" என்றாள். மூன்று வக்கீல்களிடம் மூடிய கவரில் ரேட் வாங்கி, சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். ஒருவர் எட்டாயிரம், ஒருவர் ஐயாயிரம், ஜெயகணேஷ் என்கிறவர் வெறும் நூறு ரூபாய். குறைந்த ரேட்டுக்குத்தானே ஆர்டர் கொடுக்க வேண்டும்? நூறுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஒரு பக்கத்துக்கு' என்று இருந்ததை நான் பார்க்காமல் இல்லை மாப்பிள்ளை, ஒரு வீட்டைப் பற்றி ஒரு மனுஷன் எத்தனை பக்கம்தான் எழுதிவிட முடியும் என்று நினைத்துவிட்டேன்.

எழுதிவிட்டார். நூற்றுப் பதிமூன்று பக்கம். கிழக்கே முருங்கை மரம், அது காய்க்கும் மாதங்கள், மேற்கே பக்கத்து வீட்டு நாய், அதன் சுபாவம், மொட்டை மாடியில் படிகிற நிலக்கரித் தூசிக்கு மட்டும் ஒன்பது பக்கம். அந்தக் காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு போய் தனகோட்டியிடம் நீட்டினேன். கையில் தூக்கிப் பார்த்தார். "வில்லங்கம் இல்லாத வூட்டுக்கு இம்மாம் பேப்பரு எதுக்குங்க? என்னமோ இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வண்டியில் ஏறியவர்தான், போன் செய்தால் எடுப்பதில்லை. சரி, காசு கொடுக்கிற பொருளைப் படித்தாவது வைப்போம் என்று உட்கார்ந்தால், கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: 'வில்லங்கம் ஏதும் இல்லை. வீடு திருமதி மணிமொழிக்குச் சொந்தம். திரு சிங்காரவேல் இதை விற்க முடியாது.' மனை வாங்கும்போது அவள் பெயர் ராசி என்று நானே எழுதி வைத்ததுதான், வருஷா வருஷம் வரி கட்டிக் கட்டி என் வீடு என்றே நினைத்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இல்லையா என்றால், "டெண்டருக்கு என்னை யாரு கூப்பிட்டாங்க?" என்கிறாள். இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கக் கூடாதா ஐயா என்று வக்கீலைக் கேட்டால், "அப்ப எனக்கு நூறு ரூபாதானே சார் வந்திருக்கும்?" என்கிறார், கூச்சமே இல்லாமல். பதினோராயிரத்து முந்நூறுக்கு பில் வந்திருக்கிறது. பணம் போனால் போகட்டும் மாப்பிள்ளை. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் நிற்கலாம் என்று புதுச் செருப்புகூட வாங்கி வைத்திருந்தேன். அதைப் பார்த்தால்தான் தாங்கவில்லை.

நீங்கள் மூவரும் நோயும் வக்கீலும் அண்டாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமா சிங்காரவேல்

பின்குறிப்பு: மாப்ள, நான் அத்தை எழுதறேன். கவர் ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சிட்டேன். வாடகை வூட்ட விட்றாதீங்க. பத்திரத்தையும் அந்தக் கடைசிப் பக்கத்தையும் மட்டும் எடுத்துக்கினு போயி தனகோட்டி அண்ணன்கிட்ட காட்டிட்டேன், வெள்ளிக்கிழமை ரெஜிஸ்டர். வக்கீலுக்கும் அந்த ஒரு பக்கத்துக்கு நூறு ரூபாயும் ஒரு பலாப்பழமும் குடுத்து, மீதிப் பக்கத்தத் திருப்பிக் குடுத்துட்டேன். வாங்கிக்கினு போயிட்டாரு. மாமாகிட்ட வெள்ளிக்கிழமை காலையில சொல்லிக்கிறேன். இப்பவே சொன்னா, சாமான் ஏத்தற லாரிக்கு டெண்டர் போட்டுருவாரு.